கண்ணாடிக் குப்பியில் டஸ்ட்

அத்தியாயம் 9

பத்து மணிக்கு விசாரணை. பத்தரைக்குத் தீர்ப்பு. பதினொன்றுக்கு லொறி டிரைவர் கந்தப்பனின் சட்டி பானைகள் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்கு வெளியே கிடக்கும். டன்ரோய் தோட்டத்தில் இந்த ஒழுங்கு ஒருநாளும் தவறியதில்லை என்று வழியில் விசாரித்த எல்லோரும் சொன்னார்கள்.

பத்திநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டேகால். அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் பனிக்குள் நடந்ததில் அவருடைய கறுப்புக் கோட்டு நனைந்து கனத்தது. இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். மற்றவர்களுடைய பொய்களை மூன்று மொழிகளில் பிசகாமல் மாற்றிச் சொல்லி அலுத்துப்போய், உண்மையைத் தேடுகிற தொழிலுக்கு வந்தார். வருமானம் பாதியானது தவிர வேறு குறையில்லை. அவருடைய உதவியாளர் ஐவி, ஹட்டன் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். நிமிடத்துக்கு அறுபது சொல் டைப் அடிப்பாள், நூறு சொல் பேசுவாள்.

தொழிற்சாலைக் கதவில் ஆணியடித்திருந்த ஆங்கில அறிவிப்பின் முன்னால் ஐவி நின்றுவிட்டாள். தேயிலையை ஒரு சிட்டிகைகூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று கூட்டுகிறவர்களுக்கும் சலிக்கிறவர்களுக்கும் சொல்கிற அறிவிப்பு. கீழே தலைமைக் கிளாக்கர் கணேசமூர்த்தியின் கையெழுத்து.

"வாசிக்கத் தெரியாதவங்களுக்கு இங்கிலீசுல எச்சரிக்கை. அதுலயும் நடு வாக்கியத்துல ஒரு சொல்லுக்குப் பெரிய எழுத்து போட்டிருக்கார் சார். எங்க டைப்பிங் மாஸ்டர் பார்த்தா விரல்ல அடிச்சிருப்பார்" என்றாள்.

பத்திநாதன் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நடந்தது இதுதான். போன வியாழக்கிழமை காலை, தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்து லொறி தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் புறப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து இரண்டு மைல் தூரம் ஓடைக்கரையோடு சமதளம். அதன்பிறகு, தோட்டத்துச் சனங்கள் மூச்சுவாங்கி என்று பேர் வைத்திருக்கிற செங்குத்தான ஏற்றம். ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் இருமி நின்றது. லொறிக்குப் பதினாறு வயது. முழுச் சுமையோடு அந்த மேட்டில் அதன் கை பிரேக் பிடிக்காது, ஈரத்தில் கால் பிரேக்கும் வழுக்கும் என்பது தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை வரைக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் பின்னால் பெட்டிகள்மேல் ஓர் ஆள் எப்போதும் மரக்கட்டையோடு உட்கார்ந்திருப்பான். வண்டி நின்றால் குதித்து ஓடிச் சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைப்பது அவன் வேலை. புதிய பிரேக்குக்குப் பதிலாக ஒரு மனிதன். அன்றைக்கு அந்த மனிதன் அழகுமுத்து. குதித்தான், கட்டையோடு ஓடினான், ஈரமண்ணில் கால் வழுக்கியது. சக்கரம் ஏறியது கட்டையின் மேல் அல்ல.

கணேசமூர்த்தி ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையின் டைப் பிரதி ஐவியின் பையில் இருந்தது. அதில் இரண்டு குற்றங்கள். ஒன்று, டிரைவர் அனுமதி இல்லாமல் லொறியில் இன்னொரு பெற்றோல் பில்டரைப் பூட்டினார். இரண்டு, அந்த பில்டரில் தூசி இருப்பதாக மூன்று வாரத்துக்கு முன்பு அவரே வந்து சொல்லியும் அதைச் சுத்தம் செய்யாமல் ஓட்டினார். இரண்டாவது குற்றம் நிலைத்தால் வேலையும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போவதோடு நிற்காது. ஒரு சாவுக்குப் பொறுப்பு என்று பொலிஸ் வழக்கும் வரும். தொழிற்சங்கத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் பத்திநாதனைத் தேடி வந்தார்கள். இன்று திங்கள்.

லொறிக் கொட்டகையின் சாவி விபத்து நடந்த நாளிலிருந்து பெரிய துரையின் பையில் இருந்தது. விசாரணைக்கு முன்னால் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று இன்று காலைதான் காவல்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். கந்தப்பன் கதவருகே காத்திருந்தார். நாற்பது வயது, நான்கு நாள் சவரம் செய்யாத முகம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏற்கெனவே தண்டனை பெற்றவர் போல நின்றார்.

ஆனால் எஞ்சின் மூடியைத் திறந்ததும் அந்தக் கைகள் தாமாகவே முன்னால் வந்தன.

எந்த லொறியும் பழசாகும்போது முதலில் துருப்பிடிப்பது நம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அல்ல, பெற்றோல் டாங்கியின் உள்ளே. அரை டாங்கி பெற்றோலோடு ஒரு வண்டி இரவு முழுக்க நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் பாதியில் காற்று இருக்கும். இந்த மலையில் காற்று என்றால் பாதி தண்ணீர். குளிர்ந்ததும் அது டாங்கியின் உள்சுவரில் வியர்த்து வடியும். வருடக்கணக்கில் அப்படி வடிந்தால் துரு செதில் செதிலாக உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்தது பெற்றோலோடு குழாய் வழியாகப் பம்புக்கும், பம்பிலிருந்து காபரேட்டருக்கும் போகும். காபரேட்டரில் பெற்றோல் பீறிட்டு வருகிற துவாரம் ஊசிமுனை அளவு. அதை அடைக்கக் கடுகில் கால்வாசி போதும். வண்டியைச் செய்தவர்கள் பம்புக்குள் ஒரு சின்னச் சல்லடை வைத்திருந்தார்கள். அது புது டாங்கியை நம்பி வைத்த சல்லடை.

அதனால் கந்தப்பன் டாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் குழாயை வெட்டி, பழைய இராணுவ ஜீப் ஒன்றிலிருந்து கிடைத்த இரண்டாவது பில்டரைப் பூட்டினார். ஒரு உலோகத் தலை, அதன் கீழே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கண்ணாடிக் குப்பி. பெற்றோல் ஒரு பக்கமாக வந்து குப்பிக்குள் விழும். குறுகிய குழாயில் ஓடிவந்தது அகலமான இடத்துக்கு வந்ததும் நிதானப்படும். நிதானப்பட்டதும் துரு அடியில் படியும். தண்ணீரும் பெற்றோலைவிடக் கனம், அதுவும் அடியில் தங்கும். மேலே இருக்கிற சுத்தமான பெற்றோல் நடுவிலுள்ள கம்பி வலை வழியாக ஏறி மறுபக்கம் பம்புக்குப் போகும். சனிக்கிழமைதோறும் அடியிலுள்ள திருகைக் கழற்றிக் குப்பியைக் கழுவினால் போதும்.

"கண்ணாடிங்கிறதால தெறக்கவே வேணாம்ங்க. வகுத்துக்குள்ள என்ன கெடக்குதுன்னு வெளியில நின்னே பாத்துக்கலாம்" என்றார் கந்தப்பன்.

"மனுசங்களுக்கும் இப்படி ஒன்னு பூட்டிட்டா நம்ம தொழில் படுத்துரும் சார்" என்றாள் ஐவி.

குப்பி இப்போது அரைவாசிக்கு மேல் கறுத்திருந்தது. வலையைச் சுற்றிச் சேறு போல அப்பியிருந்தது. சமதளத்தில் எஞ்சின் பெற்றோலை மிடறு மிடறாகக் குடிக்கும். பாதி அடைத்த வலை அதற்குப் போதும். ஏற்றத்தில் அது மடமடவென்று கேட்கும். வலை கொடுக்காது. அதனால்தான் வண்டி இரண்டு மைல் நன்றாக ஓடி, சரியாக மூச்சுவாங்கியில் நின்றது. இதைச் சொல்லும்போது கந்தப்பனின் குரல் இறங்கியது. விபத்துக்கு முந்தின சனிக்கிழமை கழுவிய குப்பி ஐந்தே நாளில் எப்படி இப்படி ஆனது என்று பத்திநாதன் கேட்டார்.

"மூனு வாரத்துக்கு முந்தியே கிளாக்கரய்யாகிட்ட சொன்னேனுங்க. பில்டர்ல டஸ்ட் வருது, பெற்றோல் ஊத்துற டின்ன பாருங்கன்னு. அந்த பில்டர கழட்டி வீசுன்னாரு. புஸ்தகத்துல என்னமோ எழுதிக்கிட்டாரு."

பத்திநாதன் குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். இருபத்திரண்டு வருடம் சொற்களை எடைபோட்ட காது அவருடையது.

"தூசின்னு சொன்னீங்களா, டஸ்ட்டுன்னு சொன்னீங்களா?"

கந்தப்பன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தூசி ரோட்டுல கெடக்கிறதுங்க. நான் சொன்னது டஸ்ட்டு. சலிக்கிற ரூம்ல கடைசியா விழுமே, பொட்டியில போட்டு கொழும்புக்கு அனுப்புவாங்களே, அந்த டஸ்ட்டு."

ஐவி கையிலிருந்த அறிக்கையைப் பிரித்து மறுபடி வாசித்தாள். இந்த மலையில் பிறந்த எவரும் அந்தச் சொல்லுக்குத் தேயிலைத் தூள் என்றே பொருள் கொள்வார்கள். பச்சைக் கொழுந்து கறுத்து, சுருண்டு, சல்லடை சல்லடையாக இறங்கி, கடைசிச் சல்லடையிலிருந்து விழுகிற பொடி அது. ஆனால் அதே சொல்லை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிப் பெற்றோல் பில்டருக்குப் பக்கத்தில் வைத்தால், வாசிக்கிற துரைக்கு அழுக்கு என்றுதான் தெரியும். கந்தப்பன் திருட்டைக் கண்டு சொன்னது, தாளில் ஏறும்போது அவருடைய சோம்பேறித்தனமாக மாறியிருந்தது.

"சொன்னா போதாது, காட்டணும்" என்றார் பத்திநாதன்.

குப்பியைக் கழற்றி, அடியிலிருந்ததை ஐவியின் ஒற்றுத்தாளில் கொட்டி, கொட்டகைக்கு வெளியே காற்றில் பிடித்தார். பெற்றோல் பறந்துபோனது. கறுத்த பொடி மட்டும் மிஞ்சியது. துருவும் ஏறக்குறைய அந்த நிறம்தான். கண்ணால் பார்த்து எதையும் சத்தியம் செய்ய முடியாது. பெற்றோலில் தேயிலை சாயம் விடாது. வெந்நீரில் விடும். துரு எதிலும் விடாது. அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞானம். காவல்காரரின் அடுப்பு எட்டத்தில் இருந்தது. அங்கிருந்து ஒரு எனாமல் கோப்பை நிறைய வெந்நீர் வாங்கிவரச் சொல்லி, பொடியில் பாதியை அதில் போட்டார். மீதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூவரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் செதில் உடனே அடியில் விழுந்தது, அது துரு. மற்றதெல்லாம் மெதுவாக ஊறியது. ஒரு நிமிடத்தில் தண்ணீர் சிவந்தது.

"சீனி எத்தனை கரண்டி சார்?" என்றாள் ஐவி.

கந்தப்பன் சிரிக்கவில்லை. அந்தக் கோப்பையைக் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், திருப்பிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை டாங்கியில் ஊற்றிய டின் லொறியின் பின்பக்கமே கிடந்தது. நாலு கேலன் சதுரத் தகர டின். பத்திநாதன் தீக்குச்சியின் பின்முனையால் அதன் உள்மூலையைச் சுரண்டினார். ஈயம் வைத்து ஒட்டிய இடுக்கில் அதே பொடி.

ஐவிக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. தேயிலையைப் போல வாசம் இழுக்கிற சாமான் உலகத்தில் கிடையாது, பக்கத்தில் சவர்க்காரம் வைத்தாலே கெட்டுப்போகும், பெற்றோல் டின்னில் வைத்துத் திருடினால் திருடன்கூட அதைக் குடிக்கமாட்டான் என்று வாதாடினாள். பத்திநாதன் டின்னைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். தகரம் இன்னும் பளபளத்தது. ஒரு நசுங்கல் இல்லை.

"புது டின். முதல்ல தேயிலை தின்னிருக்கு. வெறுமையாகித் திரும்பி வந்த பிறகுதான் பெற்றோல் குடிச்சிருக்கு. ஒரு டின் ஒரு தடவைதான்."

புது டின்கள் யாருடைய பொறுப்பு என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. பண்டக அறைச் சாவி கணேசமூர்த்தியிடம். வியாழன்தோறும் மூடி ஒட்டிய ஒரு டின்னை லொறியில் ஏற்றச் சொல்வாராம். லிந்துலையிலுள்ள ஒரு கடையில், தன் சொந்தக்காரருக்கு மண்ணெண்ணெய் என்று இறக்கிவிடவேண்டும். திரும்பும்போது வெறும் டின்னை வாங்கி வரவேண்டும். கந்தப்பன் அதைத் தொட்டதில்லை. ஏற்றி இறக்கியது அழகுமுத்து.

அழகுமுத்து மண்ணுக்குள் இருந்தான். அவன் மனைவி ராக்காயி, ஆபிஸுக்குப் போகிற படிக்கட்டில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பைக் காதால் கேட்கவேண்டும் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் பெயர் கொடுக்காமல் காலையிலிருந்தே அங்கே இருந்தாள். பத்திநாதனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குப்பி வைத்துக் கொன்றவனுக்கு வக்காலத்து வாங்க ஹட்டனிலிருந்து கோட்டுப் போட்டு ஆள் வருகிறது, செத்தவனுக்காக யார் வந்தார்கள் என்று மலையைப் பார்த்துக் கேட்டாள். ஐவி மட்டும் அந்த ஈரப் படியிலேயே அவளருகில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தாள். ஐவிக்கு அது பெரிய காரியம்.

பத்திநாதன் ஒரே கேள்விதான் கேட்டார். கிளாக்கரய்யாவின் மண்ணெண்ணெய் டின்னைப் பற்றி அழகுமுத்து வீட்டில் எப்போதாவது பேசியதுண்டா?

ராக்காயியின் உதடு கோணியது. சிரிப்பு வந்த பழைய வழியில் அழுகை வந்தது.

"அவரு எதையாச்சும் சொல்லி சிரிக்க வைக்கிற ஆளுங்க. கிளாக்கரய்யா வீட்டு மண்ணெண்ண பூனை மாதிரி, தூக்கினா கனமும் இல்ல, குலுக்கினா சத்தமும் இல்லன்னாரு. நானும் சிரிச்சேன்."

தளும்பாத மண்ணெண்ணெய். ஐவி அதைக் குறித்துக்கொண்டாள். இம்முறை நகைச்சுவை எதையும் சேர்க்கவில்லை.

டன்ரோய் ஆபிஸில் தொழிலாளர்களுக்கு உள்ளே இடமில்லை. அவர்கள் வெளியே நின்று ஜன்னல் வழியாகத்தான் பேசவேண்டும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மேசையில் பெரிய துரை. அவர் அருகில் கண்ணாடி அணிந்து, நரைத்த தலையை வழித்து வாரிய கணேசமூர்த்தி. அந்தப் பக்கம் கந்தப்பனின் தலை. அதற்கு ஒரு முழம் தள்ளி ராக்காயியின் தலை. துரைக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும், வேலை ஏவுகிற அளவுக்கு. மற்றதை இருபது வருடமாகக் கணேசமூர்த்திதான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லி வந்தார்.

பத்திநாதன் கோப்பையை மேசைமேல் வைத்தார். பொட்டலத்தைப் பிரித்தார். டின்னைக் காட்டினார். ராக்காயி சொன்னதைச் சொன்னார். துரை கோப்பைக்குள் விரல் நுனியை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பெற்றோல் கசப்புக்குக் கீழே தன் தோட்டத்துத் தேயிலை அவருக்குத் தெரிந்தது. டின்னை யார் எப்போது நிரப்பினார்கள் என்பது தனக்குத் தெரியாது, தன் சொந்தக்காரருக்குப் போனது மண்ணெண்ணெய்தான், பண்டக அறைக்குப் பலர் போய் வருகிறார்கள் என்றார் கணேசமூர்த்தி, பதற்றமே இல்லாமல்.

அறிக்கையிலுள்ள சொல்லைப் பற்றிப் பேசும்போது பத்திநாதன் இறங்கியே பேசினார். மொழிபெயர்ப்பவனுக்கு வழுக்குகிற இடம் அது, நானும் வழுக்கியிருக்கிறேன், டிரைவர் தேயிலையைச் சொன்னார், இவர் அழுக்கு என்று கேட்டுவிட்டார் என்றார். அவர் மெய்யாகவே அப்படித்தான் நம்பினார். கணேசமூர்த்தியும் நீட்டிய கையைப் பற்றிக்கொண்டார். ஆமாம், பிழைதான், அழுக்கு என்றே விளங்கிக்கொண்டேன், வருந்துகிறேன் என்றார்.

அப்போதுதான் ஐவி எழுந்து, டிரைவர் அன்று சொன்னதைக் கையால் எழுதிய புத்தகத்தைப் பார்க்கலாமா என்று துரையிடம் கேட்டாள். கணேசமூர்த்தி அது அவசியமில்லை என்றார். அவர் சொன்ன வேகம்தான் துரையைப் புத்தகத்தை எடுக்க வைத்தது.

ஐவி அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அதன் பக்கத்தில் தன் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து வைத்தாள். தொழிற்சாலைக் கதவிலிருந்த அறிவிப்பு. நான்கு மூலையிலும் ஆணித் துளைகள்.

"காலையில இதைப் பார்த்து இவருக்கு இங்கிலீசு தெரியலைன்னு நினைச்சேன் சார். நடு வாக்கியத்துல டஸ்ட்டுங்கிற சொல்லுக்குப் பெரிய 'டி' போட்டிருந்தார். தப்பு என் மேலதான். தேயிலைத் தரத்தோட பேர் அது. தோட்டத்து ஆபிஸ்ல எழுதுற எவரும் அப்படித்தான் எழுதுவாங்க. அழுக்குன்னா சின்ன 'டி'."

பிறகு அவள் விரல் புத்தகத்திலிருந்த சொல்லின்மேல் நின்றது. அங்கே சின்ன எழுத்துத்தான் இருந்தது. ஆனால் அதன் கீழே, கறுப்பு மையின் அடியில், இன்னொரு எழுத்தின் வயிறு பிதுங்கித் தெரிந்தது. இருபது வருடப் பழக்கத்தில் கை முதலில் பெரிய 'டி'யைத்தான் போட்டிருந்தது. மூளை விழித்துக்கொண்டு அதன்மேலேயே சின்னதாகத் திருத்தியிருந்தது.

அழுக்கு என்று கேட்டவனுடைய கை அங்கே பெரிய எழுத்தில் தொடங்கியிருக்காது. கந்தப்பன் என்ன சொன்னார் என்பது கணேசமூர்த்திக்கு அந்த நொடியிலேயே தெரியும். தெரிந்துதான் பில்டரைக் கழற்றி வீசச் சொன்னார். அந்த லொறியில் அவருக்கு எதிரான ஒரே சாட்சி அந்தக் கண்ணாடிக் குப்பி.

துரை இரண்டு தாள்களையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு கணேசமூர்த்தியைப் பார்க்காமலே, வீட்டுக்குப் போய் இருக்கும்படி சொன்னார். கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, பேனாவை அதன் தாங்கியில் ஒழுங்காக வைத்துவிட்டு வெளியேறினார். ஐவி பத்திநாதனைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அந்தப் பார்வை சொன்னது.

ஜன்னலுக்கு வெளியே ராக்காயிக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. கிளாக்கரய்யா தலைகுனிந்து போவது மட்டும் விளங்கியது. அவள் கந்தப்பன் பக்கம் திரும்பினாள். நான்கு நாளில் முதல் தடவையாக அவரிடம் பேசினாள்.

"அண்ணே, ஒன்னே ஒன்னு சொல்லுங்க. அந்தக் குப்பிய நீங்க பூட்டாம இருந்திருந்தா எம்புருசன் இருந்திருப்பாரா?"

கந்தப்பன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்திருக்க முடியாது. ஆனால் அந்த வண்டி எப்படி ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரியாதது போலப் பேச அவருக்கு வரவில்லை.

"இருந்திருப்பான், தாயி. குப்பி இல்லாட்டி டஸ்ட்டு நேரா காபரேட்டருக்குப் போயிருக்கும். வண்டி பாக்டரி வாசலயே தாண்டியிருக்காது. நான் எறங்கி திட்டிக்கிட்டே கழுவியிருப்பேன், அவன் பக்கத்துல நின்னு சிரிச்சிருப்பான். குப்பிதான் ரெண்டு மைல் தாங்கி, கொண்டுபோய் மேட்டுல விட்டிருச்சு."

ராக்காயி தலையை ஆட்டினாள். மன்னித்தாளா என்று அந்த ஆட்டலில் தெரியவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியில் இறங்கிப் போனாள்.

துரை தலை நிமிர்ந்தார். அவன் என்ன சொன்னான் என்று பத்திநாதனைக் கேட்டார். வேறு மொழிபெயர்ப்பாளர் இப்போது அந்த அறையில் இல்லை.

பத்திநாதன் மேசையைப் பார்த்தார். திறந்த புத்தகம் அங்கே கிடந்தது. பெரிய எழுத்தின்மேல் ஏறி உட்கார்ந்த சின்ன எழுத்து. பக்கத்தில் ஆறிப்போன கோப்பை. அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொன்னான், அவ்வளவுதான் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். தொண்டை வரை வந்தது. ஒரு சொல்லை மாற்றியதற்காக ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கந்தப்பன் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னார். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை.

துரை எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் படித்தார். கணேசமூர்த்தியின் விஷயம் கொழும்புக்கு எழுதப்படும், பதில் வரும்வரை அவர் விடுப்பில் இருப்பார். டிரைவர்மீது கவனக்குறைவுக் குற்றம் இல்லை, பொலிஸ் வழக்கும் இல்லை. ஆனால் தோட்டத்து லொறியில் அனுமதியில்லாமல் ஒரு சாமானைப் பூட்டியதும், அந்தச் சாமானால்தான் லொறி மேட்டில் நின்றது என்பதும் அவர் வாயாலேயே வந்துவிட்டன. இன்றோடு வேலை இல்லை. காம்பராவை சனிக்கிழமைக்குள் விட்டுவிடவேண்டும்.

தேய்ந்த பிரேக்கைப் பற்றிப் பத்திநாதன் கேட்டார். அது வேறு விஷயம் என்றார் துரை.

அவர்கள் எழுந்தபோது துரை இன்னொன்றும் சொன்னார். பில்டர் உண்மையில் நல்ல யோசனை. அது அப்படியே இருக்கட்டும். புதிதாக வருகிற டிரைவருக்காக, சுத்தம் செய்கிற முறையை எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கொட்டகைக்குத் திரும்புகிற வழியில் ஐவி கல்லை உதைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் கேட்டுவிட்டாள்.

"ஒரே ஒரு வரியை விழுங்கியிருக்கலாமே சார்."

"கணேசமூர்த்தியும் ஒரு எழுத்துலதான் ஆரம்பிச்சிருப்பார், ஐவி."

"அவர் விடுப்புல போறார். இவர் தெருவுல போறார். ரெண்டும் போறதுதான், இல்லையா?"

பத்திநாதன், கோட்டின் ஈரம் இப்போதுதான் உடம்புக்கு ஏறியது போல நடந்தார்.

கந்தப்பன் குப்பியைக் கழுவித் துடைத்து மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார். செய்தி அவருக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. எழுதி வைக்கச் சொன்னார்களாமே, எனக்குக் கையெழுத்து நன்றாக வராது, நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்று ஐவியிடம் கேட்டுக்கொண்டார். வருகிற டிரைவருக்கு இங்கிலீசு தெரியுமோ தெரியாதோ, தமிழிலேயே இருக்கட்டும் என்றார்.

ஐவி லொறிப் படியில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். அவர் நிதானமாக, ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிச் சொன்னார். சனிக்கிழமை எஞ்சின் ஆறிய பிறகு திறக்கவேண்டும். முதலில் டாங்கிக் குழாயை மூடவேண்டும். திருகை முழுக்கக் கழற்றாமல் தளர்த்திக் குப்பியைச் சாய்த்து எடுக்கவேண்டும். வலையைத் துணியால் தேய்க்கக் கூடாது, வாயால் ஊதினால் போதும். மேலேயுள்ள தக்கை வளையம் காய்ந்திருந்தால் எண்ணெய் தடவவேண்டும், இல்லாவிட்டால் காற்று இழுக்கும். மறுபடி பூட்டும்போது கண்ணாடியாச்சே என்று பயந்து தளர்வாக விடவும் கூடாது, இறுக்கி உடைத்துவிடவும் கூடாது.

ஐவி எழுதி முடித்து, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

கந்தப்பன் குப்பியை ஒரு விரலால் சுண்டினார். சுத்தமான கண்ணாடி சின்னதாகச் சத்தம் கொடுத்தது.

"குப்பியில தூசி வந்தா கழுவிட்டு ஓட்டலாம்னு எழுதுங்கம்மா. டஸ்ட்டு வந்தா யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு எழுதுங்க."